பனியில் ஓடிய சக்கரங்கள்

என் மகள் குடும்பம் பின்லாந்தின் ஔலு நகரத்தில் இருக்கிறது. போன ஜனவரியில் ஒரு நாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே காலை ஏழரை, இங்கே பதினொன்று. பேரன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு குறுக்கே ஓடினான். ஹெல்மெட்டுக்கு அடியில் குல்லா, மூக்கு வரை இழுத்துவிட்ட கழுத்துத் துணி. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு.

"எங்கேடா கிளம்பிட்டே?"

"ஸ்கூலுக்கு தாத்தா. சைக்கிள்ல."

மைனஸ் 17 டிகிரி என்று பின்னாலிருந்து மகள் சொன்னாள். "குளிராதாடா கண்ணா?" என்று என் மனைவி பதறினாள். "குளிர் ஒண்ணும் பண்ணாது பாட்டி, காத்துதான் கடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒன்பது வயது.

அன்று மாலை ஏதோ தோன்றி நம் பேஸ்மென்ட் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். 43 சைக்கிள்கள். டயரில் காற்று இருந்தவை ஆறு. இரண்டு சைக்கிள்களின் கூடையில் பழைய செய்தித்தாள் கட்டு. மார்கழி வந்தால் "காலையில பனி சார்" என்று நம் நடைப்பயிற்சிக் குழுவே பாதியாகிவிடுகிறது. அந்தப் பனி 21 டிகிரி. நானும் அந்தப் பாதியில் ஒருவன்தான், மஃப்ளரைக் கட்டிக்கொண்டு பால்கனியோடு நின்றுவிடுகிறவன்.

அடுத்த பொதுக்குழுவில் அந்த ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு கார்கள் நிறுத்த இடம் செய்யலாமா என்ற தீர்மானம் வரப்போவது எல்லோருக்கும் தெரியும். என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதை இதைப் படிக்கும்போதே ஊகித்துவிடுவீர்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. மைனஸ் 17-ல் ஒரு பிள்ளை சாதாரணமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான் என்றால், அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தேடிப் போனால், சைக்கிளின் பிறப்பிலேயே குளிர் இருக்கிறது.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் கந்தகப் புகையும் வான்மண்டலத்தில் பரவி வெயிலை மறைத்தன. அடுத்த ஆண்டான 1816-ஐ ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 'கோடையே இல்லாத ஆண்டு' என்று இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி விழுந்தது. தென் ஜெர்மனியில் பயிர் விளையவில்லை. ஓட்ஸ் விலை ஏறியது. ஓட்ஸ் என்றால் இன்று நமக்குச் சர்க்கரைக்காரர்களின் காலை உணவு. அன்றைக்கு அது குதிரைத் தீவனம், கிட்டத்தட்ட பெட்ரோல் மாதிரி. தீவனம் இல்லாமல் குதிரைகள் செத்தன.

பாடன் நாட்டில் வனத்துறை அதிகாரியாக இருந்த கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் 1817 ஜூன் 12 அன்று மான்ஹைம் நகரத்திலிருந்து ஒரு மரவண்டியில் கிளம்பினார். முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரம், நடுவில் உட்காரப் பலகை, திருப்ப ஒரு கைப்பிடி. பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓட வேண்டும். போக வர ஏறத்தாழ 14 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல். குதிரைப் பஞ்சத்துக்கு மாற்றாகத்தான் டிரைஸ் இதைச் செய்தார் என்பது ஹான்ஸ்-எர்ஹார்ட் லெசிங் என்ற ஆய்வாளரின் வாதம். எல்லா வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்கவில்லை. எனக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறது. தீனி கேட்காத குதிரை என்ற எண்ணம் பின்னால் இன்னொரு முறை, இதைவிடக் கொடுமையான குளிரில், திரும்பி வருகிறது. அதனால்தான் இங்கே சொல்லி வைக்கிறேன்.

1860-களில் பாரிசில் பெடல் வந்தது. 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டிதான் இன்றைய சைக்கிளின் தகப்பன். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்து கொடுத்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தன.

ஆனால் குளிர்காலம் வந்தால்? நகரத்துப் பணக்காரர்கள் கூரைக்கு அடியில் போனார்கள். பெரிய கூடங்களில் சைக்கிள் பழகும் பள்ளிகள் நடந்தன. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டிசம்பர் மாதத்தில் ஆறு நாள் பந்தயம். வட்டப் பாதையில் இரவும் பகலும் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பாரிசில் 1910-ல் திறந்த அரங்கத்துக்கே 'குளிர்கால சைக்கிள் அரங்கம்' என்றுதான் பெயர். 1942 ஜூலையில் நாஜி ஆக்கிரமிப்பின்போது பிரெஞ்சுப் போலீசார் ஆயிரக்கணக்கான யூதர்களை, குழந்தைகளோடு, அதே அரங்கத்தில்தான் அடைத்து வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் இன்று பிரான்சில் யாருக்கும் சைக்கிள் நினைவுக்கு வருவதில்லை.

ஆக, குளிருக்குப் பணக்கார நகரங்கள் கண்ட முதல் வழி இதுதான்: உள்ளே போய்விடுவது. நம் கிளப் ஹவுஸில் துணி காயப்போடப் பயன்படும் அந்த எக்சர்சைஸ் சைக்கிளின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

உள்ளே போக இடமில்லாதவர்கள் கதை வேறு.

1896-ல் கனடாவின் யூக்கான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றின் ஓரத்தில் தங்கம் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் அங்கே குவிந்தார்கள். டாசன் என்ற ஊர் முளைத்தது. அதற்குள் நல்ல இடங்களை முதலில் வந்தவர்கள் வளைத்துவிட்டார்கள். 1899-ல் இன்னொரு செய்தி வந்தது. அலாஸ்காவின் மேற்குக் கடற்கரையில் நோம் என்ற இடத்தில் கடற்கரை மணலிலேயே தங்கம் இருக்கிறதாம், சலித்து எடுத்தால் போதுமாம். டாசனிலிருந்து நோம் சுமார் 1,600 கி.மீ. சாலை கிடையாது. கோடையில் யூக்கான் ஆற்றில் படகு போகும். குளிர்காலத்தில் அந்த ஆறே உறைந்து சாலையாகிவிடும். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் போவார்கள்.

நாய்வண்டிக்கு எவ்வளவு செலவு என்று யோசித்துப் பாருங்கள். நாய்கள் விலை அதிகம். அதைவிட, அவற்றுக்கு வழி முழுக்கத் தீனி வேண்டும். காய்ந்த மீனை மூட்டை மூட்டையாக ஏற்ற வேண்டும். ஏற்றிய பாரத்தில் பாதி நாய்களுக்கே போய்விடும். மாலையில் எவ்வளவு களைப்பாக வந்தாலும் முதலில் நாய்களைக் கவனித்தால்தான் நாம் உட்காரலாம். சைக்கிள் அப்படியில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கலாம். டிரைஸின் குதிரைக் கணக்கு 83 ஆண்டுகள் கழித்து நாய்க் கணக்காக வந்து நின்றது.

எட் ஜெசன் என்பவர் 1900 பிப்ரவரி 22 அன்று டாசனிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். சைக்கிளின் விலை 150 டாலர், அன்றைக்குப் பெரிய தொகை. பாதை என்பது சறுக்குவண்டிகள் போய்ப் போய் இறுகிய தடம்தான். அகலம் ஒன்றரை, இரண்டு அடி. அந்தத் தடத்தில் சக்கரம் நன்றாக ஓடும். அரை அடி விலகினால் பொலபொலவென்ற பனிக்குள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். நடுவில் ஒரு கட்டத்தில் குளிர் மைனஸ் 44 டிகிரிக்குப் போனது. டயர் ரப்பர் இரும்புக் குழாய் போல விறைத்தது. பால்ரஸில் போட்ட எண்ணெய் உறைந்து சக்கரம் சுற்றவில்லை. மூக்கு மரத்துப்போகும்போது கையால் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். ஆனால் குறுகிய தடத்தில் விழாமல் போக இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தாக வேண்டும். மூக்கா, வண்டியா என்ற நிலை. குளிர் தணியும்வரை வழிச்சத்திரத்தில் தங்கிவிட்டுத்தான் மறுபடி கிளம்பினார். இப்படியே ஐந்து வாரங்களில் நோம் போய்ச் சேர்ந்தார். கையோடு செய்தித்தாள்களும் கொண்டுபோனார். மாதக்கணக்கில் வெளியுலகச் செய்தி எட்டாமல் கிடந்த ஊர் அது.

அடுத்தவர் மேக்ஸ் ஹிர்ஷ்பெர்க். அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. அவரும் நாய்வண்டியில்தான் போவதாக இருந்தார். கிளம்புவதற்கு முன் தங்கியிருந்த இடத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் போனவர் துருப்பிடித்த ஆணியை மிதித்தார். விஷம் ஏறி வாரக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது மார்ச் வந்துவிட்டது. பனி இளகத் தொடங்கினால் பாதையே இருக்காது. அவசரத்துக்குச் சைக்கிள் ஒன்றுதான் வழி. முழங்கால் வரை கம்பளி, அதன்மேல் மேலங்கி, காலில் ஃபெல்ட் பூட்ஸ், தலையில் மென்மயிர்த் தொப்பி, மூக்குக்கு மட்டும் தனியாக ஒரு மூடி. இப்படிக் கிளம்பினார்.

அவரைக் கொல்லப் பார்த்தது மைனஸ் நாற்பது அல்ல. வசந்தகாலம். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றின் மேல் பனிக்கட்டி மெலியத் தொடங்கியிருந்தது. ஷக்டூலிக் ஆற்றைக் கடக்கும்போது பனி உடைந்து நீருக்குள் போனார். உயிரோடு வெளியே வந்தார், சைக்கிளும் வந்தது. ஆனால் இடுப்பில் வைத்திருந்த 1,500 டாலர் மதிப்புள்ள தங்கத்தூள் பை ஆற்றோடு போய்விட்டது. தங்கம் தேடப் போகிற வழியில் கையிலிருந்த தங்கம் போனது. அதற்கப்புறமும் திரும்பவில்லை. கடைசிக் கட்டத்தில் செயின் அறுந்தது. கடற்கரையை ஒட்டி உறைந்து கிடந்த பனிப்பரப்பு, பின்னாலிருந்து காற்று. மேலங்கியைக் கழற்றி ஒரு குச்சியில் மாட்டிப் பாய்மரம் போலப் பிடித்துக்கொண்டார். செயின் இல்லாத சைக்கிளைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. 1900 மே 19 அன்று நோம் வந்து சேர்ந்தார்.

இந்த இருவரையும் நான் வீரர்களாகச் சொல்லவில்லை. இருவருக்கும் அவசரம், இருவருக்கும் வேறு வழி இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. மைனஸ் 44-ஐயும் சைக்கிள் தாங்கியது, ஏனென்றால் அவர்களுக்கு முன்னால் போன நூற்றுக்கணக்கான சறுக்குவண்டிகள் அந்தத் தடத்தை அழுத்தி வைத்திருந்தன. தடம் இருந்தவரை சக்கரம் ஓடியது. தடம் இளகியதும் தங்கப்பை போனது.

அதே அலாஸ்காவில் 1987-ல் நாய்வண்டிப் பந்தயம் நடக்கும் இடிடராட் பாதையில் 200 மைல் சைக்கிள் பந்தயம் ஒன்று ஆரம்பித்தது. பிற்பாடு நோம் வரையிலும் சைக்கிளில் போனார்கள். சாதாரண டயர் பனியில் கத்திபோல இறங்குகிறதே என்று சிலர் இரண்டு ரிம்களைச் சேர்த்து வெல்டிங் வைத்து அகலமாக்கிப் பார்த்தார்கள். இப்படி ஒவ்வொருவர் பட்டறையிலும் அகலமாகிக்கொண்டே வந்து, 2005-ல் சர்லி நிறுவனம் 'பக்ஸ்லி' என்ற பெயரில் நான்கு அங்குலத்தை நெருங்கும் டயரோடு கடைக்குக் கொண்டுவந்தது. நம்மூர் பழைய 28 அங்குல சைக்கிளுக்கு டயர் அகலம் ஒன்றரை அங்குலம்தான். இப்போது நம் குடியிருப்பிலேயே இரண்டு பிள்ளைகள் வைத்திருக்கிறார்களே, யானைக்கால் மாதிரி டயரோடு, அந்த 'ஃபேட் பைக்' பனிக்காகப் பிறந்தது. அதை வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு இது தெரியுமா என்று தெரியாது. மேம்பாலம் ஏறும்போது பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

பேரன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். காற்றுதான் கடிக்கும் என்றானே, அதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. பால் சைப்பிள் என்ற அமெரிக்கர், 1928-ல் சாரணர் படைச் சிறுவனாக பேர்டின் அன்டார்க்டிகா பயணத்தில் சேர்ந்தவர். பிறகு ஆராய்ச்சியாளராக மறுபடி அங்கே போனார். 1940-ன் அன்டார்க்டிகா குளிர்காலத்தில் அவரும் சார்லஸ் பேசல் என்பவரும் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் நிரப்பி வெளியே கட்டித் தொங்கவிட்டார்கள். எவ்வளவு காற்றடித்தால் எவ்வளவு நேரத்தில் அது உறைகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். காற்றுக்குளிர் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி அமைத்தன. அந்தச் சூத்திரப்படி மைனஸ் 17 டிகிரியில் மணிக்கு 15 கி.மீ. வேகக் காற்று முகத்தில் பட்டால் தோலுக்கு அது மைனஸ் 25 மாதிரி. சைக்கிள்காரருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றே இல்லாத நாளிலும் அவர் தன் வேகத்தால் தனக்கு ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார்.

மறுபக்கமும் இருக்கிறது. மிதிக்கும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதனால் குளிர்தேசத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முக்கியமான எதிரி குளிர் இல்லை, வியர்வை. அதிகமாகப் போர்த்திக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிடத்தில் உள்ளாடை நனையும். சிக்னலில் நிற்கும்போது அந்த ஈரம் எலும்பு வரை குளிரும். 'கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும்' என்பது அங்கே பழக்கம். என் மகளும் அதைத்தான் பையனுக்குச் சொல்கிறாள். உள்ளே பருத்தி ஆகாது, மெல்லிய கம்பளி. மேலே காற்றைத் தடுக்க ஒரு சட்டை. விரல், காது, மூக்கு இவற்றுக்கு மட்டும் தாராளமான பாதுகாப்பு. ஹேண்டில்பாரிலேயே பெரிய கையுறைகளைக் கட்டி வைத்துவிடுகிறார்கள், கையை அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாயை மூடும் துணி அழகுக்கு இல்லை. வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். இதயக் கோளாறு உள்ளவர்கள் எடுத்த எடுப்பில் வேகமாக மிதிக்கக் கூடாது என்பது மார்கழிக் காலையில் நமக்கும் பொருந்தும்.

இதெல்லாம் தனி மனிதர் செய்துகொள்ளக்கூடியவை. ஒன்பது வயதுப் பையனைத் தைரியமாக வெளியே அனுப்ப இது மட்டும் போதாது.

1950, 60-களில் ஐரோப்பாவில் கார் பெருகியது. சைக்கிள் ஓட்டியவர்கள் ஓரம் கட்டப்பட்டார்கள். நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் குழந்தைகள் 400-க்கும் மேல். தன் மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் பிறந்தது. பெற்றோர் சாலையில் உட்கார்ந்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது நெதர்லாந்தும் டென்மார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரையே தடை செய்தன. கவனியுங்கள், அது நவம்பர், டிசம்பர், ஜனவரி. நல்ல குளிர். மக்கள் வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சைக்கிளோடு இறங்கினார்கள். அதுவரை குளிரால்தான் சைக்கிளை விட்டோம் என்று நினைத்திருந்தவர்களில் பலருக்கு, விட்டது கார் பயத்தால் என்று அந்த ஞாயிறுகளில் புரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஔலு இதை இன்னும் வடக்கே செய்துகாட்டியது. ஊர் இருப்பது 65 டிகிரி வடக்கு அட்சரேகையில். டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் மூன்றரை மணி நேரம்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தரையில் பனி. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அந்த ஊர் 1972-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை வலைப்பின்னல் திட்டம் போட்டது. கார் சாலையோரத்தில் கோடு போட்டு விடுவது அல்ல, தனிப் பாதை. பெரிய சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கப்பாதை. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி இன்று 900 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. ஊருக்குள் மக்கள் செய்யும் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில். கடுங்குளிரில் இது குறையும், ஆனாலும் பத்தில் ஒன்றாவது சைக்கிள்தான். ஹெல்சின்கியில் இதைவிடக் குளிர் குறைவு. ஆனால் அங்கே குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் குறைவு. குளிர்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பாதை போடுவது ஒரு பாதி. மற்றப் பாதி விடிவதற்கு முன் நடக்கிறது. இரவு பனி பெய்தால், மக்கள் வேலைக்குக் கிளம்பும் முன் பனி வாரும் வண்டிகள் முக்கிய சைக்கிள் பாதைகளைச் சுத்தம் செய்துவிட வேண்டும். அதற்கான ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. சுத்தம் என்றால் தரை தெரிய வழிப்பதில்லை. மேலே இருப்பதை வாரிவிட்டு அடியில் அழுந்திய பனியை அப்படியே விடுகிறார்கள். பற்கள் வைத்த தகட்டால் கீறிச் சொரசொரப்பாக்குகிறார்கள், தேவைப்பட்டால் பொடிச் சல்லி தூவுகிறார்கள். உப்புப் போடுவதில்லை. அந்தக் குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது.

வழுக்குமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வழுக்குவது குளிர் குறைந்த நாளில்தான். பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும்போது பனியின் மேல் ஈரம் படர்ந்து எண்ணெய் தடவியது மாதிரி இருக்கும். மைனஸ் 15-க்குப் போனால் அதே பனி மணல் மாதிரி நறநறவென்று டயரைப் பிடித்துக்கொள்ளும். பூஜ்யத்தைச் சுற்றியே குளிர்காலம் கழியும் கோபன்ஹேகன் நகரம் அதனால் சைக்கிள் பாதையில் உப்புக் கரைசல் தெளிக்கிறது, கார் சாலைக்கு முன்பாகச் சைக்கிள் பாதையைச் சுத்தம் செய்கிறது. இளகும் நாட்களுக்காக டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர்களும் உண்டு. நோக்கியா என்றால் நமக்கு செல்போன். அந்த நோக்கியா ஊரின் ரப்பர் தொழிற்சாலைதான் 1934-ல் முதல் பனிக்கால டயரை லாரிக்குச் செய்தது. பிற்பாடு அதே பரம்பரையில் சைக்கிளுக்கும் ஆணி டயர் வந்தது.

2013-ல் குளிர்கால சைக்கிள் மாநாடு என்று ஒன்று முதன்முதலாக நடந்ததும் ஔலுவில்தான். அடுத்த ஆண்டு கனடாவின் வின்னிபெக். 2018-ல் ஔலுவின் மெட்சோகங்காஸ் பள்ளிக்கூடத்துப் படம் ஒன்று உலகம் சுற்றியது. மைனஸ் 17 டிகிரி நாளில் பனிக்குள் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அங்கே படிக்கும் 1,200 பிள்ளைகளில் பெரும்பான்மையோர் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிறார்கள், அவ்வளவுதான். 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. கண்டக்டர் எவரும் ஆரோக்கியத்துக்காக மாடி ஏறவில்லை. கோபன்ஹேகனில் சுமார் 30,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியான ஆய்வு, வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு என்று சொன்னது. மற்ற நேரத்தில் செய்யும் விளையாட்டு, உடற்பயிற்சிகளைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. ஜனவரியில் சேர்ந்து பிப்ரவரியில் மறக்கும் ஜிம் சந்தாவுக்கு இந்த வசதி கிடையாது. பால் வாங்கப் போக வேண்டும் என்றால் போய்த்தான் ஆக வேண்டும்.

நம் ஸ்டாண்டுக்குத் திரும்ப வருகிறேன். அங்கே நிற்கும் 37 காற்றில்லாத சைக்கிள்களின் உரிமையாளர்களில் பன்னிரண்டு பேரிடம் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடக் குளிர் என்று சொல்லவில்லை. காற்றடிக்க மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள் ஐந்து பேர். பேஸ்மென்ட் சரிவில் கார் வேகமாக இறங்குகிறது, பிள்ளையை விடப் பயம் என்றார்கள் நான்கு பேர். இருவருடைய சைக்கிள் உள்வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்குப் பூட்டுச் சாவி தொலைந்துவிட்டது.

சாவி தொலைத்தவருக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு கால்பம்ப் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறேன், பஞ்சர் ஒட்டும் சாமானும் கூடவே இருக்கிறது. நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். சரிவில் வேகத்தடையும் ஒரு குவி கண்ணாடியும் வைக்க என்ன செலவாகும் என்று விலை கேட்டு, அந்தக் கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தீர்மானத்தின்மேல் ஓட்டெடுக்கும் முன் அது பொதுக்குழுவில் படிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார். நோட்டில் நேற்று வரை ஒன்பது கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது, என் சைக்கிளிலும் காற்றில்லை.